எதை முதலில் கட்டுவது?

வீடு மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அறை அறையாகத்தான் சாமான் கட்டத் தொடங்குகிறார்கள். ஹாலை முடித்துவிட்டுப் படுக்கையறை, அதை முடித்துவிட்டுச் சமையலறை. பார்க்க ஒழுங்கான முறைதான். ஆனால் ஒட்டி முடித்த பெட்டியைப் பிளேடால் கிழித்து நகவெட்டியையும் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸையும் தேடும்படி ஆவது இதனால்தான். வருஷத்துக்கு ஒருமுறை தொடும் பொருளும் தினமும் பத்துமுறை தொடும் பொருளும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்த தட்டில் இருக்கின்றன. அறையை வைத்து வரிசை போட்டால் இரண்டும் ஒரே நாளில் பெட்டிக்குள் போய்விடும்.

அறையை மறந்துவிட்டு, ஒவ்வொரு பொருளையும் பார்த்து இரண்டு தேதி கேளுங்கள். இந்த வீட்டில் இது கடைசியாக எப்போது வேண்டும்? அந்த வீட்டில் முதலில் எப்போது வேண்டும்? இரண்டுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு முன்னால் அதைக் கட்டலாம். இடைவெளி ஒரே ராத்திரி என்றால் அது கடைசிப் பெட்டி. இடைவெளியே இல்லை என்றால் அது லாரியில் ஏறக்கூடாது, கையோடு வரவேண்டும்.

சென்னையில் வாடகைக்கு இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டை மே மாதக் கடைசியில் கோவைக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 500 கிலோமீட்டர். லாரி சாயங்காலம் கிளம்பினால் மறுநாள்தான் சாமான் இறங்கும். இன்னொருவர் சாமானோடு சேர்த்து ஏற்றும் பகிர்வு லாரி என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். ஆகவே கடைசி நாள் கட்டும் பொருட்களுக்குக்கூட இடைவெளி ஒன்றரை நாளாவது இருக்கும். ஊருக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காலையில் ஏற்றியது சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். மற்றதெல்லாம் இருவருக்கும் பொது.

நான்கு வாரம் முன்னால் பரணில் தொடங்குங்கள். பரணில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே நீண்ட இடைவெளியை நிரூபித்த பொருள்கள். பெரிய அண்டா, குத்துப்போணி, விருந்தாளி வந்தால் எடுக்கும் பாய், பழைய பாடப்புத்தகம், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த மிக்ஸி பெட்டி. முதலில் கட்டாதீர்கள், கழியுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகவேண்டியது, யாருக்காவது கொடுக்கவேண்டியது, கூட வரவேண்டியது என்று அங்கேயே பிரித்துவிட வேண்டும். வேண்டாததைக் கட்டினால் பெட்டிக்கும் டேப்புக்கும் லாரியில் அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துக் காசு போகும். ஒரு நாளைக்கு ஒரு பரண் போதும். எல்லாப் பரணையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை இறக்கினால் நடக்க இடமில்லாமல் ராத்திரி எல்லாவற்றையும் அப்படியே திரும்ப ஏற்றிவிடுவீர்கள்.

பரணை முதலில் தொடுவதற்கு இன்னொரு காரணம் இடம். இரண்டு படுக்கையறை வீட்டில் 40 முதல் 50 பெட்டி வரை சேரும். அவற்றை அடுக்க ஒரு சுவரோரம் வேண்டும். கழித்த சாமான் வெளியே போனால்தான் அந்தச் சுவர் காலியாகும். குளியலறைப் பக்கச் சுவரையும் பால்கனி ஓரத்தையும் தவிருங்கள். ஈரம் பட்ட அட்டைப்பெட்டி மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தூக்கும்போது அடிப்பாகம் பிளந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாறுகிறவர்கள் தரையில் நேராக அடுக்காமல் பலகை போட்டு அடுக்க வேண்டும்.

கொலு பொம்மைதான் இந்த வரிசைக்கு மிகச் சரியான உதாரணம். போன நவராத்திரிக்குப் பிறகு தொடவில்லை, அடுத்த நவராத்திரி வரை தேவையில்லை. ஆகவே முதல் பெட்டி. ஆனால் பரணில் ஏற்கெனவே பெட்டியில்தானே இருக்கிறது என்று அப்படியே லாரியில் ஏற்றுவது பெரிய தவறு. பரணில் அசையாமல் இருப்பதற்குக் கட்டியது வேறு, நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கக் குலுங்குவதற்குக் கட்டுவது வேறு. பொம்மையில் உடைகிற இடங்கள் கழுத்து, நீட்டிய கை, வீணையின் தண்டு, கிருஷ்ணனின் குழல். முதலில் இந்த இடங்களைப் பழைய வேட்டித் துணியால் சுற்றி உடம்போடு சமமாக்கிவிட்டு, பிறகு முழுப் பொம்மையையும் சுற்றுங்கள். பெட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கசக்கிய காகிதம். பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு கைப்பிடி காகிதம். மூடிய பெட்டியை மெல்ல ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று தொங்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அதைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள்.

அடுத்தது புத்தகம். புத்தகத்துக்குப் பெரிய பெட்டி எடுப்பதுதான் எல்லோரும் செய்வது, முதுகு பிடித்துக்கொள்வதும் அதனால்தான். 16க்கு 12க்கு 12 அங்குலப் பெட்டி போதும். அதிலேயே முழுக்கப் புத்தகம் நிரப்பினால் 25 கிலோவைத் தொட்டுவிடும். முக்கால்வாசிக்கும் குறைவாகப் புத்தகம் போட்டு, மேலே போர்வையோ துண்டோ வைத்து மூடினால் 15 கிலோ அளவில் நிற்கும். புத்தகத்தைப் படுக்கவைத்தோ, அலமாரியில் நிற்பதுபோலவோ வைக்கலாம். முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்தால் உள்தாள்களின் கனம் தையலை இழுத்துவிடும். பள்ளிப் புத்தகம், வேலைக்கு வேண்டிய கோப்பு, பாதி படித்துக்கொண்டிருக்கும் நாவல் மட்டும் வெளியே இருக்கட்டும்.

பெட்டி வாங்கும்போது சமையலறைக்கும் புத்தகத்துக்கும் ஐந்தடுக்கு அட்டை கேளுங்கள், துணிக்கு மூன்றடுக்கு போதும். இரண்டங்குல அகலப் பழுப்பு டேப்பில் 65 மீட்டர் சுருள் வரும். ஒரு பெட்டிக்கு அடியிலும் மேலுமாகச் சுமார் 3 மீட்டர் பிடிக்கும். 50 பெட்டிக்கு மூன்று சுருள் கணக்கு வந்தாலும் ஐந்தாக வாங்கிவையுங்கள். கட்டிலின் கால், மெத்தை உறை, ஜாடி மூடி என்று டேப் கேட்கும் இடங்கள் நிறைய. அடிப்பக்கத்தில் நடு இணைப்பில் இரண்டு வரி, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரி ஒட்ட வேண்டும். மடிப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகி டேப் இல்லாமல் மூடுவது துணிக்குக்கூட உதவாது.

பெட்டியின் மேல் எழுதாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதும் மேல் எழுத்து மறைந்துபோகும். இரண்டு பக்கவாட்டில் எழுதுங்கள். பழைய வீட்டு அறையின் பெயரல்ல, புதிய வீட்டில் எந்த அறைக்குப் போகவேண்டுமோ அந்தப் பெயர். ‘சமையல் 4’ என்று பெட்டியில் எண் மட்டும் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது செல்போனில் இருக்கட்டும். விலையுள்ள பொருளின் பெயரைப் பெட்டியில் எழுதி ஊரார் முன்னால் ஏற்றுவது நல்லதல்ல.

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் போகவேண்டியவை: கம்பளி, பட்டுப்புடவை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் எவர்சில்வர் செட், சுவர்ப் படங்கள், பிள்ளைகள் தாண்டிவந்த வயதின் விளையாட்டுச் சாமான். தஞ்சாவூர் ஓவியத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களையும் ஒருபோதும் படுக்கவைக்காதீர்கள். இரண்டிரண்டாக, கண்ணாடியும் கண்ணாடியும் எதிரெதிரே பார்க்க, நடுவில் போர்வை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். இந்த நாட்களில் அவசரமே கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி என்று போனாலே பாதி வீடு அடங்கிவிடும்.

பொருளைவிட ஆளைச் சார்ந்த வேலைகள்தான் வரிசையைக் கலைக்கின்றன. ஏசி கழற்றுகிறவர், தச்சர், எலக்ட்ரீஷியன், கேஸ் ஏஜென்சி இவர்களெல்லாம் உங்கள் நாளுக்கு வருவதில்லை, அவர்கள் நாளுக்குத்தான் வருவார்கள். ஆகவே இவற்றை மட்டும் இடைவெளிக் கணக்கிலிருந்து விலக்கி, இரண்டு வாரம் முன்னாலேயே தேதி வாங்கிவிட வேண்டும்.

ஏசியில் கவனிக்கவேண்டியது கேஸ். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும்போது, ஓடவிட்டபடியே மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, கேஸ் வெளிப்பெட்டிக்குள் இழுபட்டதும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே நிறுத்த வேண்டும். ‘பம்ப் டவுன்’ என்பார்கள். இதைச் செய்யாமல் குழாயை நேராகக் கழற்றினால் கேஸ் காற்றில் போய்விடும், புது வீட்டில் முழுசாக நிரப்பச் செலவாகும். வந்தவரிடம் பம்ப் டவுன் செய்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது, தானே கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். மே மாதத்தில் ஏசியைக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் கழற்றினால் ஒரு ராத்திரி ஃபேனில் சமாளிக்கலாம். லாரி வந்து நிற்கும்போது கழற்றச் சொன்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

கேஸ் இணைப்பு அடுத்தது. ஊர் மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, இணைப்பை முடித்ததற்கான வவுச்சர் வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் புது ஊரில் இணைப்பு எடுப்பது. ஆரம்பத்தில் டெபாசிட் கட்டியபோது கொடுத்த வவுச்சரைக் கேட்பார்கள். அதைத் தேடும் வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வீட்டுச் சாமானோடு மூடிய லாரியில் சிலிண்டரை ஏற்றுவது ஆபத்து. விவரம் தெரிந்த பேக்கர்ஸ் தொடவே மாட்டார்கள். அடுப்பு உங்களுடையது, அது வரும். ஒரே ஊருக்குள் வேறு ஏஜென்சிக்கு மாறுவதென்றால் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை, இணைப்பை மாற்றும் கடிதம் போதும்.

சிலிண்டர் போன பிறகு சமைப்பது எதில்? சமையலறையின் வரிசை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதையும், அதில் வைக்கத் தகுந்த அடிப்பாகமுள்ள ஒரு குக்கர், ஒரு பாத்திரம், ஒரு தவாவையும் எடுத்து வைத்துவிட்டு, மற்றதைத் தைரியமாகக் கட்டத் தொடங்கலாம். 2,000 வாட் அடுப்புக்குப் பெரிய பின் பிளக் வேண்டும். பழைய வீடுகளின் சமையலறையில் சின்ன பிளக் மட்டும்தான் இருக்கும். புது வீட்டில் சாவி வாங்கும் அன்றே இதைப் பார்த்துவைக்க வேண்டும்.

சமையலறைதான் அதிக நேரம் தின்னும் இடம். இருவர் உட்கார்ந்தால் முழு ஒரு நாள், 10 முதல் 12 பெட்டி. அதன் வரிசை மளிகையில் தொடங்குகிறது, பாத்திரத்தில் அல்ல. நான்கு வாரம் முன்னாலிருந்தே மாத மளிகை வாங்குவதை நிறுத்தி, தீரத் தீர அரைக் கிலோ, கால் கிலோவாக வாங்குங்கள். எண்ணெய் டின் ஊர் மாறவே கூடாது. மிஞ்சுவது ஒரு லிட்டருக்குள் இருந்தால், நல்ல மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, பாலித்தீன் பையில் கட்டி, தனி வாளியில் நிற்கவைத்துக் கொண்டுபோகலாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் டப்பாக்களின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் பையில் போட்டுத்தான் அடுக்க வேண்டும். குலுக்கலில் ஒரு மூடி திறந்தால் பெட்டி முழுக்கச் சிவந்துவிடும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே மிதக்கும். அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, ஜாடியைக் கழுவிக் காயவைத்துத் தனியாகக் கட்டுங்கள். அரிசியை டிரம்மோடு தூக்காமல் மூட்டையில் கொட்டிக் கட்டினால், காலி டிரம் இன்னொரு பெட்டியாக உதவும். அண்டாவும் அப்படித்தான். அதற்குள் துணியும் சின்னப் பாத்திரங்களும் கொள்ளுமட்டும் போகட்டும்.

எவர்சில்வருக்கு ஒன்றுக்குள் ஒன்று போட்டுச் செய்தித்தாள் வைத்தால் போதும். பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் மேலிருந்து வரும் ஒவ்வொரு அதிர்ச்சியையும் அடித்தட்டு தாங்க வேண்டியிருக்கும், அதுதான் விரியும். நிமிர்த்தி, பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். வெள்ளைப் பீங்கானுக்கு அச்சில்லாத வெற்றுத்தாள் நல்லது, செய்தித்தாள் மை ஒட்டிக்கொள்ளும். வெட் கிரைண்டரில் கல்லை உள்ளேயே விட்டு அனுப்பினால் குழவி ஆடி ஆடி டிரம்மை நசுக்கும். குழவிகளைக் கழற்றிக் கோணியில் சுற்றி, லாரியின் தரையில் போகும் பெட்டியில் வையுங்கள். முந்தைய நாள் மாவு அரைக்காமல் இருந்தால் கல் காய்ந்து நாற்றம் வராமல் இருக்கும்.

காய அவகாசம் வேண்டிய பொருட்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் வரிசையில் தனி இடம். ஃபிரிட்ஜை 24 மணி நேரம் முன்னால் அணைத்துக் கதவைத் திறந்துவைத்து, பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் காலிசெய்ய வேண்டும். இதற்கு ஏற்றபடி அதற்கு முந்தைய இரண்டு நாளில் பாலும் காயும் தீர்ந்திருக்க வேண்டும். லாரியில் நிமிர்ந்தே நிற்கட்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். புது வீட்டில் இறக்கியதும் நான்கு மணி நேரமாவது சும்மா நிற்கவிட்டு, பிறகு போடுங்கள். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்னால் இருந்த நீண்ட போல்ட்டுகளைத் திரும்பப் பூட்ட வேண்டும். அவை இல்லாமல் ஏற்றினால் டிரம் உள்ளே முட்டி மோதி, அதைத் தாங்கும் பாகங்கள் கெட்டுப்போகும். கீழே உள்ள ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஆம்பியர்-அவர் என்றால் எடை 50 கிலோவுக்கு மேல், உள்ளே அமிலம். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, நிமிர்த்தியபடியே தனியாக, துணிமூட்டை எதுவும் தொடாமல் வைக்க வேண்டும்.

கட்டில், டேபிள் கழற்றும்போது வரும் ஸ்குரூவைச் சின்னப் பையில் போட்டு, அந்தந்தப் பாகத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். எல்லா ஸ்குரூவையும் ஒரே டப்பாவில் சேர்ப்பது புது வீட்டில் முதல் ராத்திரி எல்லோரையும் தரையில் படுக்கவைக்கும். பீரோவைக் காலிசெய்து பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி லாரியில் ஏறாதவை. இவற்றை மற்றவற்றுக்கு முன்னால், முதல் வாரத்திலேயே ஒரு பையில் சேர்க்க வேண்டும் என்பேன். ஏனென்றால் கடைசி வாரக் குழப்பத்தில் இவைதான் தவறிப் பெட்டிக்குள் போகின்றன. நகை, பணம், பத்திரம், சான்றிதழ், டிசி, ரேஷன் கார்டு, ஆதார், வாடகை ஒப்பந்தம், தினசரி மாத்திரை, மூக்குக்கண்ணாடி, சார்ஜர். இன்னொரு பையில் இரண்டு நாளுக்கான துணி, சோப்பு, ஒரு பெட்ஷீட், கொசுவலை.

பூஜைச் சாமானும் கையோடுதான். பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து, லாரிக்கு ஓரிரு நாள் முன்னாலேயே போய் வருகிறவர்கள் உண்டு. அப்படியானால் அந்தச் செட் அன்றே தனியாகப் பிரிந்துவிடும்: சாமி படம், விளக்கு, திரி, எண்ணெய், தீப்பெட்டி, மஞ்சள், குங்குமம், அரிசி, பருப்பு, உப்பு, குடம், பால் பாத்திரம், சர்க்கரை, டம்ளர், அடுப்பு. லாரி நாளன்றே காய்ச்சுவதென்றால் இதே செட் காரில் உங்களோடு, லாரிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எப்படியானாலும் புது வீட்டு வாசலை முதலில் தாண்டுவது இதுதான், ஆகவே கட்டுவதில் கடைசி.

ஏற்றும் வரிசை தனிக் கணக்கு. டிரைவர் கேபின் பக்கம் பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். அடுத்துக் கட்டில் பலகைகளும் மெத்தையும். தரையில் புத்தகப் பெட்டிகள், மேலே துணி, அதற்கும் மேலே கொலு பொம்மை. முதலில் பிரிக்கவேண்டிய சமையல் பெட்டியான ‘சமையல் 1’, ஸ்குரூடிரைவரும் பிளேடும் ஸ்பைக் பஸ்டரும் இருக்கும் பெட்டி, ஜன்னல் திரை, மெத்தை விரிப்பு ஆகியவை கதவோரம், கடைசியாக ஏற. திரைச்சீலையைக் கடைசி நாள் காலைவரை கழற்ற வேண்டாம். புது வீட்டில் முதல் இருட்டுக்குள் அது மாட்டப்பட வேண்டும்.

எல்லாம் ஏறிய பிறகு பழைய வீட்டில் துடைப்பம், மாப், ஒரு வாளி, ஒரு பல்பு மட்டும் இருக்கட்டும். பெருக்கித் துடைத்து, ஆணி அடித்த சுவர்களையும் காலி அறைகளையும் போட்டோ எடுங்கள். தமிழ்நாட்டில் கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள் என்பதால், கிளம்பும் நாளின் மீட்டர் எண்ணையும் படம் பிடித்து, வீட்டுக்காரர் முன்னாலேயே யூனிட் கணக்குப் பார்த்து, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். கோவையில் லாரி நின்றதும் செல்போனில் உள்ள பட்டியலை எடுத்து, இறங்கும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசி எண் சரியாகும் வரை டெலிவரி தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். நசுங்கிய பெட்டி இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதி, ஆட்கள் நிற்கும்போதே பிரித்துப் பாருங்கள்.